அண்ணி கீறிய பவளக்காலி

கடல் வற்றிக் கிடந்த ஒரு காலை. சுங்கை பினாங் ஆறு கடலில் விழும் இடத்தில் மணல் ஏறிய ஒரு மேடு. அதில் என் அண்ணி குந்தியிருக்கிறார். வெயிலுக்காகச் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருக்கிறார். மடியில் ஒரு பலகைத் துண்டு. அதன்மேல், பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய நாட்காட்டித் தாள். கையிலிருக்கும் பென்சில் தேய்ந்து தேய்ந்து விரல் நுனிகளுக்குள் மறைந்துவிட்டது.

எதிரே சேற்றில் பறவைகள் ஓடுவதும் நிற்பதுமாக இரை கொத்துகின்றன. நான் மட்டி பொறுக்க வந்தவள். கூடையோடு அண்ணியின் பின்னால் நிற்கிறேன். கால் விரல்களுக்கு இடையில் சேறு குளிர்ச்சியாகப் பிதுங்குகிறது.

"அசையாதை பிள்ளை," என்கிறார் திரும்பாமலே. "பறந்திடும்."

அந்தக் குரலில் "பிள்ளை" என்று இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று இந்த வயதிலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "அம்மா, அந்தக் காலத்தில் பசியைத் தவிர வேறொன்றுமே இல்லையா?" என்று கேட்டிருந்தார். இருந்தது. என் அண்ணி இருந்தார். அவர் கீறிய படங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தார் நாங்கள் படத்தை வரைவதில்லை, கீறுவோம். அண்ணியின் சொல்லையே நானும் எழுதிவிட்டுப் போகிறேன்.

அராலியிலும் உண்டு

எங்கள் அப்பாவும் அம்மாவும் யுத்தத்துக்கு முன்பே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் சிவகுருதான் என்னை வளர்த்தார். பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கமலாம்பிகை என்று பெயர். அண்ணன் கமலம் என்பார்.

அண்ணிக்கு அராலி ஊர். யாழ்ப்பாணத்தில் கடலேரியை ஒட்டிய கிராமம். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படம் கீறப் பழகியிருந்தார். வெள்ளைக்கார டீச்சர் ஒருவர், பார்த்துப் பார்த்துக் கீறு என்பாராம். அண்ணியின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் ஒரு சாயப் பெட்டியும் இரண்டு தூரிகைகளும் வந்தன.

வந்த புதிதில் அண்ணிக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. மழை பிடிக்கவில்லை. டுரியான் வாசனை பிடிக்கவில்லை. பேச ஆளில்லை. அண்ணன் வேலைக்குப் போனதும் சன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அங்கேயே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஆற்று முகத்துக்கு நடந்து போனோம். சேற்றைக் கண்டதும் அண்ணி நின்றுவிட்டார். பழுப்பு முதுகும் சிவந்த நெடுங்கால்களுமாக ஒரு பறவை சேற்றில் நின்றது. எங்களைக் கண்டு எழும்பியபோது சிறகின் ஓரம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. மூன்று சுரமாக ஒரு கூவல்.

"இஞ்சாருங்கோ, பவளக்காலி!" அண்ணி அண்ணனின் கையைப் பிடித்து உலுக்கினார். "எங்கட அராலியிலையும் உது வரும்!"

மணல் மேட்டில் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. ஆட்டுக்குளம்பு மாதிரிப் பிளந்த இலை. ஊதாவும் ரோசாவும் கலந்த பூ. காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அண்ணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூவைத் தொட்டுப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"கூடு எங்கை அண்ணி கட்டும்?" என்று கேட்டேன்.

"இஞ்சை கட்டாது. அராலியிலையும் கட்டாது. எங்கேயோ வடக்கை, பனி பெய்யிற நாட்டிலதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வளந்த பிறகுதான் இஞ்சாலை வருகுது."

"அப்ப உன்னை மாதிரித்தான்," என்றார் அண்ணன். "பிறந்தது ஒரு இடம், தீன் தின்னுறது இன்னொரு இடம்."

அண்ணி அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். அதன் பிறகு சன்னலோரம் குறைந்தது. ஞாயிறு தோறும் ஆற்று முகத்துக்குப் போவார். பவளக்காலியையும் அடம்பன் பூவையும் மாற்றி மாற்றிக் கீறுவார். அண்ணன் ஒவ்வொரு படத்தையும் எட்டப் பிடித்துப் பார்த்து, "திரும்பவும் அதே குருவியோ?" என்று சீண்டுவார். "இதுக்குப் பக்கத்திலை ஒரு கூடும் முட்டையும் போட்டால் வடிவாயிருக்குமே?"

"காணாததை நான் கீறமாட்டன்."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எத்தனை முறை நடந்திருக்கும் என்று கணக்கில்லை.

லாரி

ஜப்பான்காரன் வந்தான். குண்டு விழுந்தது, ஓடினோம், திரும்பி வந்தோம். அதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதியாகிவிட்டது. கப்பல் கம்பெனி மூடியது. தபால் நின்றது. அராலியிலிருந்து அண்ணிக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கிராணிமாரைத் தொடமாட்டார்கள் என்று அண்ணன் நம்பினார். ஆனால் ஆட்களைக் கணக்கு வைக்கவும் ஸ்டோர் பார்க்கவும் படித்தவர்களும் வேண்டியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் வேலை விஷயம் என்று கூப்பிட்டார்கள். போனவரை வீட்டுக்கு விடவில்லை.

செய்தி வந்து நாங்கள் இருவரும் ஓடினோம். லாரி புறப்படத் தயாராக நின்றது. அண்ணன் பின்பக்கம் ஆட்களுக்கு நடுவில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு எங்களைத் தேடினார்.

"மூண்டு மாசம்தானாம்!" என்று கத்தினார். "மூண்டு மாசத்திலை வந்திடுவன் கமலம்! தங்கச்சியைப் பாத்துக்கொள்!"

லாரி திரும்பும்வரை அண்ணி கையைத் தூக்கியபடி நின்றார்.

அடுத்த மாதமே அண்ணிக்கு வாந்தி. முதலில் மரவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, நாங்கள் பெரியம்மா முறையில் மக்சிக் என்று கூப்பிடும் தீமா, அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "கிழங்கு இல்லை லா, பிள்ளை லா!"

அண்ணனுக்குச் சொல்ல வழியில்லை.

சங்குப்பூச் சாயம்

பெண் குழந்தை பிறந்தது. அண்ணி தன் தாயின் பெயரையே வைத்தார், மகேஸ்வரி. நான் மகேசு என்பேன். அண்ணனின் நெற்றி, அண்ணனின் காது. தாய்ப்பால் போதாமல் அழும். அண்ணிக்கு உடம்பில் இரத்தமே இல்லை.

அப்போதுதான் படங்கள் சோறு போட ஆரம்பித்தன. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் காதர் நானா என்பவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரர்கள் ஊருக்கு அனுப்பப் படம் போட்ட அட்டைகள் வாங்குகிறார்கள் என்று அவர் சொல்ல, அண்ணி கீறிக் கொடுத்தார். பதிலுக்கு அரிசி, சில நாள் கருப்பட்டி.

சாயப் பெட்டி தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. வீட்டு வேலியில் படர்ந்த சங்குப்பூவை நான் பறித்துக் கசக்குவேன். நீலச் சாறு வரும். அதில் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் அடம்பன் பூவின் ஊதா. மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்தால் பவளக்காலியின் கால். விளக்குப் புகைதான் கறுப்பு. தேயிலைச் சாயம் முதுகுக்கு. அந்த எலுமிச்சையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை அண்ணியின் விரலில் எப்போதும் இருக்கும்.

காதர் நானாவுக்கு ஒரே குறை.

"புள்ள, இந்தக் கொடிய விட்டுட்டு ஒரு கொத்து சக்குரா, அதான் அவங்க ஊர்ப் பூ, போட்டுக் குடு. ஜப்பான் துவான்மாருக்கு அதுதான் பிடிக்குது லா. அரிசி கூடுதலாத் தர்றேன்."

"நானா, அந்தப் பூவை நான் கண்டதில்லை. காணாததை என்னண்டு கீறுறது?"

"நானுந்தான் மக்காவைக் கண்டதில்ல. படத்துக்குச் சட்டம் போட்டு வித்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"சட்டம் போடுறது வேறை, கீறுறது வேறை நானா."

குழந்தை என் இடுப்பில் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அண்ணிமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பூதானே, கீறினால் என்ன? திரும்பி வரும் வழியில் அதைச் சொல்லியும்விட்டேன்.

அண்ணி நடந்துகொண்டே சொன்னார். "எல்லாத்தையும் பறிச்சிட்டாங்கள் பிள்ளை. இந்த ஒண்டு என்ர கையிலை இருக்கட்டும்."

கண்ணாடிக்காரர்

அந்தக் கடையில் அடம்பன் பூப் படங்களையே தேடி வாங்கும் ஜப்பான்காரர் ஒருவர் இருந்தார். படையாள் இல்லை. ரயில் சாமான்கள் அனுப்பும் ஆபீசில் வேலை. வட்டக் கண்ணாடி. மலாய் பேசுவார். அவர் ஊர்க் கடற்கரையிலும் இந்த மாதிரி ஒரு பூ மணலில் படருமாம். பறவையைக் காட்டித் தன் மொழியில் "சிடோரி, சிடோரி" என்பார்.

அவர் அடிக்கடி சயாமுக்குப் போய் வருகிறார் என்று காதர் நானா சொன்னதும் அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன் காஞ்சனபுரிப் பக்கம் ஒரு ஸ்டோரில் இருக்கிறார் என்று லாரி டிரைவர் ஒருவர் மூலம் முன்பே தெரிந்திருந்தது.

ஒரு நாள் கடையில் அவரைக் கண்டபோது அண்ணி நேராக அவர் முன்னால் போய் நின்றார். ஜப்பான்காரனிடம் பேசிப் போனவர்கள் திரும்பி வராத காலம். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். "என் புருஷன் அங்கே இருக்கிறார். ஒரு கடிதம் கொண்டுபோவீர்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. வாசலைப் பார்த்தார். "கடிதம் கூடாது. பிடித்தால் உங்களுக்கும் தலை போகும், எனக்கும் போகும்."

"வாயால் ஒரு சொல்?"

"நான் ஆளைப் பார்க்கமாட்டேன். ஸ்டோரில் சாமானைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்." கொஞ்ச நேரம் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படம் என்றால் கொடுத்துவிடச் சொல்லலாம். பறவை, பூ. அதைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆள் படம் வேண்டாம். வீடு வேண்டாம். ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

அடுத்த வாரம் புறப்படுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மக்சிக் தீமாவின் கோழிக்குஞ்சு

வீட்டுக்கு வந்த அண்ணி அன்றே பறவையைக் கீறி முடித்தார். அடம்பன் கொடியையும் கீறினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் படத்தைத் தரவில்லை. முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். சமைக்கும்போதும் அதையே பார்த்தார். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் அதையே பார்த்தார்.

ஒரு மத்தியானம் எழுந்து வேலியருகே போனார்.

"மக்சிக், உங்கள் கோழிக்குஞ்சு ஒன்று கொஞ்ச நேரம் தருவீர்களா?"

"தின்னவா?" என்று மக்சிக் தீமா திடுக்கிட்டார்.

"இல்லை, பார்க்க."

குஞ்சைப் பலகைமேல் விட்டு, ஓடாதபடி நான் கையால் வேலி கட்டினேன். அண்ணி கீறத் தொடங்கினார். தாயின் சிவந்த கால்களுக்கு நடுவில், அடம்பன் இலை நிழலில், பஞ்சு மாதிரி ஒரு சின்னக் குஞ்சு.

நான் படத்தைப் பார்த்தேன். அண்ணியைப் பார்த்தேன்.

"அண்ணி, பவளக்காலிக் குஞ்சை நீங்கள் கண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப?"

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. "நான் காணேல்லை எண்டு உன்ர அண்ணைக்குத் தெரியும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணி குஞ்சின் காலுக்குச் சிவப்பை ஒற்றி ஒற்றி வைத்தார். மக்சிக் தீமாவின் குஞ்சு என் உள்ளங்கைக்குள் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது.

இப்போது நான் ஜுருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். தொழிற்சாலைகளும் கார்க் கடைகளுமாக இருக்கும் ஊர். ஆனால் அப்பால் போனால் சேற்றுக் கரை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பறவைகளும் வருகின்றன. மகன் வாங்கி வந்த பறவைப் புத்தகத்தில் பவளக்காலியின் குஞ்சை ஒரு நாள் பார்த்தேன். உடம்பெல்லாம் கறுப்புக் கோடும் புள்ளியுமாக இருந்தது. அண்ணி கீறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு அண்ணி கீறியதுதான் பவளக்காலிக் குஞ்சு.

தம்பிராசா வந்தார்

கண்ணாடிக்காரர் அண்ணனின் பெயரைக் கேட்டு மனதில் வைத்து, படத்தை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு நாங்கள் அவரைக் காணவே இல்லை. இடம் மாற்றிவிட்டார்களா, பிடிபட்டாரா, தெரியாது. படம் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது.

யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. படகுத் துறையில் நாங்கள் போய் நிற்போம். வருகிறவர்களின் முகத்தையெல்லாம் பார்ப்போம். மகேசு நடக்கத் தொடங்கியிருந்தது. தாடி வைத்த ஆட்களைக் கண்டால் என் பின்னால் ஒளியும்.

ஒரு நாள் காலை, அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கம்பு ஊன்றியபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"சிவகுருவின்ர வீடு இதுதானே?"

தம்பிராசா என்று பெயர் சொன்னார். தைப்பிங்கில் ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். அண்ணனும் அவரும் ஒரே குடிசையில் இருந்தவர்களாம். அவர் உட்காருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி கொண்டுவருகிறவர் அப்படி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்.

காய்ச்சல். பாதை வேலை முடிந்த பிறகு வந்த காய்ச்சல். மருந்து இல்லை. தம்பிராசாவின் மடியில்தான் உயிர் போயிருக்கிறது.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு படம் வந்ததோ அவருக்கு?"

தம்பிராசாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

"வந்தது தங்கச்சி. ஸ்டோர்ப் பெடியன் கொண்டுவந்து குடுத்தவன். முதலிலை சிரிச்சார். 'பார் தம்பிராசா, திரும்பவும் அதே குருவி' எண்டார். பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு. 'இந்தக் குருவி அங்கை குஞ்சு பொரிக்காது. கமலம் காணாததைக் கீறமாட்டாள். இது குருவி இல்லையடா, என்ர பிள்ளை' எண்டு சொல்லி அழுதார். அழுதுகொண்டு குடிசை முழுக்கப் படத்தைக் காட்டித் திரிஞ்சார். அண்டைக்குத் தன்ர சோத்தைக்கூட எல்லாருக்கும் பங்கு போட்டார்."

அண்ணியின் கண்ணில் நீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"படம் எங்கை?" என்று கேட்டது நான்.

"மழையிலை சாயம் எல்லாம் கரைஞ்சுபோச்சு. வெறுந்தாளைத்தான் கடைசிவரை வைச்சிருந்தார்." தம்பிராசா அண்ணியின் பக்கம் திரும்பினார். "பேரும் ஒண்டு சொன்னவர் தங்கச்சி. ஆணோ பெண்ணோ தெரியேல்லை, செல்வம் எண்டு வைச்சால் ரெண்டுக்கும் பொருந்தும் எண்டார். உங்களைக் கண்டால் சொல்லச் சொன்னார்."

மகேசு அப்போது வாசல் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

கப்பல்

அண்ணி அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் போல மகேசு என்றே கூப்பிட்டார். படம் கீறுவதையும் விட்டுவிட்டார். படம் கேட்டு ஆளனுப்பிய காதர் நானாவுக்கு, "இப்ப ஏலாது நானா" என்று சொல்லி அனுப்பினார்.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் அராலியிலிருந்து அண்ணியின் தமையன் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். எனக்கு அதற்குள் புக்கிட் மெர்த்தாஜாமில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். முடித்து வைத்தவரே அண்ணிதான். என் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

அதன் பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று பிள்ளைகளும் வேலையுமாக வருஷங்கள் ஓடின. அங்கே கலவரமும் சண்டையும் வந்தன. ஒரு மழைக்காலத்தில் அண்ணி தவறிவிட்டார் என்று செய்தி வந்தது.

கப்பல் புறப்பட்ட அந்தக் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் துறைமுகத்தில் கீழே நிற்கிறேன். பக்கத்தில் புதுப் புருஷன். அவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். மேலே தட்டில் அண்ணி. வெள்ளைச் சேலை. குழந்தையைக் கம்பி ஓரமாக நிறுத்திப் பிடித்திருக்கிறார். குழந்தை என்னைப் பார்க்கவில்லை. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. சங்கு ஊதியது. கயிறுகளை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் விரியத் தொடங்கியது.

அண்ணி குழந்தையின் காதருகே குனியவில்லை. நிமிர்ந்து நின்று, கரையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"செல்வம்!"

குழந்தை திரும்பவில்லை. அது யாருடைய பெயர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

"செல்வம்! இஞ்சை பார், மாமி நிக்கிறா. மாமிக்குக் கையைக் காட்டு."

குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, கையைத் தூக்கிக் காட்டியது.